ஒரு பவுணில் எத்தனை புரோத்தன்?

ஒரு பவுண் எட்டுக் கிராம். நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. எட்டுக் கிராம் என்பது 8,000 மில்லிகிராம் என்பதையும், 0.008 கிலோகிராம் என்பதையும் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். இதற்கு அடுத்த படியாக ஒரு கேள்வி. எட்டுக் கிராம் எத்தனை புரோத்தன்?

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பித்த காலம் முழுவதும் இந்தக் கேள்வியை ஒவ்வொரு தொகுதி மாணவருக்கும் கொடுத்திருக்கிறேன். கணிப்பானைத் தட்டி அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்கள். விடை சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த விடை எதைச் சொல்கிறது என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஏனென்றால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எட்டுக் கிராம் எத்தனை புரோத்தன்களின் திணிவுக்குச் சமம் என்பது ஒன்று. எட்டுக் கிராம் தங்கத்துக்குள் எத்தனை புரோத்தன்கள் அடங்கியிருக்கின்றன என்பது மற்றது. இரண்டுக்கும் விடை வேறு. அந்த வேறுபாட்டுக்குள்தான் சூரியன் எரிவதற்கான காரணமும், ஹிரோஷிமா எரிந்ததற்கான காரணமும் இருக்கின்றன. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மாற்றும் முறை

முதலாவது கேள்வி வெறும் வகுத்தல்தான். நாலு எண்கள் கையில் இருந்தால் போதும்:

இலத்திரன்: 9.109 × 10⁻³¹ கிலோகிராம்
மியூவோன்: 1.884 × 10⁻²⁸ கிலோகிராம்
புரோத்தன்: 1.6726 × 10⁻²⁷ கிலோகிராம்
நியூத்திரன்: 1.6749 × 10⁻²⁷ கிலோகிராம்

மியூவோன் என்பது இலத்திரனின் பாரமான உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனுடைய திணிவு இலத்திரனைப்போல் ஏறத்தாழ 207 மடங்கு. புரோத்தன் இலத்திரனைப்போல் 1,836 மடங்கு. நியூத்திரன் புரோத்தனைவிட மயிரிழை கூட.

முறை இதுதான். கையிலிருக்கும் அளவை முதலில் கிலோகிராமுக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு துணிக்கையின் திணிவால் வகுக்க வேண்டும். ஒரு பவுண் 8 × 10⁻³ கிலோகிராம். அதை 1.6726 × 10⁻²⁷ ஆல் வகுத்தால் 4.783 × 10²⁴ வரும். எட்டுக் கிராம் இத்தனை புரோத்தன்களின் திணிவுக்குச் சமம்.

காய்ச்சலுக்குப் போடுகிற 500 மில்லிகிராம் பரசிட்டமோல் குளிசையில் உள்ள மருந்தை எடுங்கள். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். மில்லிகிராமைக் கிராமாக்கிவிட்டு அத்தோடு நின்றுவிடுவார்கள். 500 மில்லிகிராம் 0.5 கிராம், அது 5 × 10⁻⁴ கிலோகிராம். வகுத்தால் 2.989 × 10²³ புரோத்தன்களுக்குச் சமம். ஒரு கிலோகிராம் என்றால் 5.979 × 10²⁶ புரோத்தன். இலத்திரன் கணக்கில் 1.098 × 10³⁰. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் வாய்ப்பாடுதான்.

10²⁴ என்று எழுதுவது சுலபம், மனதில் பிடிப்பது கஷ்டம். நம்முடைய எண்ணில் சொன்னால் ஒரு பவுண் 4,783 கோடி கோடி கோடி புரோத்தன்களுக்குச் சமம். உலகத்தில் இன்றிருக்கும் 800 கோடிப் பேரும் நித்திரையில்லாமல், சாப்பாடில்லாமல், ஆளுக்கு ஒரு செக்கனுக்கு ஒன்று வீதம் எண்ணினாலும் முடிக்கச் சுமார் 1 கோடி 90 இலட்சம் ஆண்டுகள் வேண்டும்.

அரபு மொழியில் இன்று அணுவுக்கு வழங்கும் சொல் ‘தர்ரா’. பழைய வழக்கில் அதற்குச் சிற்றெறும்பு என்றும், ஜன்னலால் விழும் வெயிலில் மிதக்கும் தூசு என்றும் பொருள் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிகிற எல்லையில் நிற்கும் சொல் அது. அப்படியொரு துகள் ஒரு மைக்கிரோகிராம் என்று எடுத்தாலும், அதுவே 5,979 கோடி கோடி புரோத்தன்களுக்குச் சமம். பழைய சொல் புதிய பொருளுக்கு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது இந்த எண்ணில் விளங்கும்.

எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

நியாயமான சந்தேகம் ஒன்று வரும். இலத்திரனை யார் தட்டில் வைத்து நிறுத்தது? ஒருவரும் இல்லை.

1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரன் கற்றையை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்துப் பார்த்தார். பாரம் கூடினால் வளைவு குறையும். ஏற்றம் கூடினால் வளைவு கூடும். ஆகவே வளைவிலிருந்து இரண்டுக்கும் இடையிலான விகிதம் மட்டும் கிடைத்தது. தனியே ஏற்றம் எவ்வளவு, தனியே திணிவு எவ்வளவு என்று அதில் தெரியாது. பின்னர் அமெரிக்காவில் மில்லிக்கன் நுண்ணிய எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் தாங்கவைத்து ஏற்றத்தைத் தனியாக அளந்தார். ஏற்றம் 1.602 × 10⁻¹⁹ கூலோம். விகிதம் ஒரு கிலோகிராமுக்கு 1.7588 × 10¹¹ கூலோம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 9.109 × 10⁻³¹ கிலோகிராம் வருகிறது. மேலே தந்த பட்டியலின் முதல் எண் பிறந்த வழி இது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இலத்திரனின் திணிவைக் கிலோகிராமில் சொல்கிறோம்; கிலோகிராம் என்றால் என்ன? 1889 முதல் 2019 வரை அது பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற இடத்தில் பூட்டி வைத்திருந்த ஓர் உலோக உருளை. பிளாற்றினமும் இரிடியமும் கலந்தது, உயரமும் விட்டமும் ஏறத்தாழ 39 மில்லிமீற்றர். உலகத்துத் தராசுகளெல்லாம் கடைசியில் அந்த ஓர் உருளைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதனுடைய பிரதிகளோடு நூறு வருடம் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ 50 மைக்கிரோகிராம் வித்தியாசம் தெரியவந்தது. நம் சந்தைக்கு அது ஒன்றுமே இல்லை. புரோத்தன் கணக்கிலோ அது 3 × 10¹⁹. உருளை கொஞ்சம் இளைத்தால், அண்டத்திலுள்ள இலத்திரன் எல்லாம் கடுதாசியில் பாரம் கூடிவிடும்!

இந்தக் கூத்துக்கு 2018 நவம்பரில் வெர்சாய் மாநாட்டில் முடிவு கட்டினார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராமைப் பிளாங்க் மாறிலியின் நிலையான பெறுமானமாகிய 6.62607015 × 10⁻³⁴ என்பதிலிருந்து வரையறுக்கிறார்கள். உருளை இப்போது ஒரு சரித்திரப் பொருள்.

சமம் வேறு, அடக்கம் வேறு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். முதலில் இலத்திரனை எடுத்துப் பாருங்கள். எட்டுக் கிராமை இலத்திரனின் திணிவால் வகுத்தால் 8.78 × 10²⁷ கிடைக்கும். அப்படியென்றால் ஒரு பவுண் தங்கத்துக்குள் அத்தனை இலத்திரன் இருக்கிறதா? இல்லை. உள்ளே இருப்பது 1.93 × 10²⁴ மட்டுமே. வித்தியாசம் 4,500 மடங்குக்கு மேல்.

இது எப்படித் தெரியும்? தங்கம் இந்தக் கணக்குக்கு மிக வசதியான உலோகம். இயற்கையில் கிடைக்கும் தங்கம் எல்லாம் ஒரே வகை அணு: 79 புரோத்தன், 118 நியூத்திரன், 79 இலத்திரன். நகையில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். கணக்குக்காகச் சுத்தத் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். 196.97 கிராம் தங்கத்தில் அவகாதரோ எண்ணளவு, அதாவது 6.022 × 10²³ அணுக்கள் உள்ளன. ஆகவே எட்டுக் கிராமில் 2.446 × 10²² அணுக்கள். அதை 79ஆல் பெருக்கினால் இலத்திரன் எண்ணிக்கையும் புரோத்தன் எண்ணிக்கையும் ஒன்றாகவே வரும்.

அந்த இலத்திரன்கள் அத்தனையையும் அள்ளி நிறுத்தால் 1.76 மில்லிகிராம். நகைக்கடையில் நாம் காசு கொடுப்பது தங்கத்தின் மஞ்சளுக்கும் மினுக்கத்துக்கும்; கறுக்காத அதன் குணத்துக்கும். அவை மூன்றும் இலத்திரன்களின் வேலை. எட்டுக் கிராமில் இரண்டு மில்லிகிராமுக்கும் குறைந்த பங்கு செய்கிற வேலை அது. மிச்சம் எல்லாம் கருவில் இருக்கும் பாரம்.

தராசு பாரத்தைச் சொல்லும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. இது பழைய ஞானம். மர்வ் நகரில் வாழ்ந்த அல்-காஸினி 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூல் இந்தச் சிக்கலைத்தான் கையாள்கிறது. ஒரு பொருளைக் காற்றில் ஒரு தரமும் தண்ணீரில் ஒரு தரமும் நிறுத்து, அந்த இரண்டையும் ஒப்பிட்டு, உலோகம் சுத்தமா கலப்பா என்று கண்டுபிடிக்கும் வழியை அது விளக்குகிறது. அவருக்கு முன் அல்-பிரூனியும் உலோகங்கள், இரத்தினங்களின் அடர்த்தியை நுட்பமாக அளந்திருந்தார். உடைக்காமல் உள்ளே பார்க்க ஒரு நிறுவை போதாது, இரண்டு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அணுவின் கதையிலும் அதேதான் நடந்தது.

68 மில்லிகிராம் எங்கே?

இப்போது பாகம் பாகமாக எண்ணி நிறுப்போம். ஒரு பவுணில்:

புரோத்தன்கள் 1.932 × 10²⁴; அவற்றின் திணிவு 3.232 கிராம்.
நியூத்திரன்கள் 2.886 × 10²⁴. அவற்றின் திணிவு 4.834 கிராம்.
இலத்திரன்கள் 1.932 × 10²⁴. அவற்றின் திணிவு 0.002 கிராம்.

கூட்டுங்கள். 8.068 கிராம் வருகிறது. தட்டில் வைத்த தங்கமோ எட்டே எட்டுக் கிராம்.

ஒரு வகுப்பில் இந்த இடத்தில் ஒரு மாணவன் எழுந்து, “சேர், பிரிச்சு நிறுத்தா கூடுது, சேர்த்து நிறுத்தா குறையுது. இதென்ன கள்ளத் தராசா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கு அது அந்த வருடத்தின் ஆகச் சிறந்த கேள்வியாகப் பட்டது. தராசில் கள்ளம் இல்லை. அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கும் கட்டுக்குத்தான் அந்த 68 மில்லிகிராம் விலையாகப் போயிருக்கிறது.

புரோத்தனும் நியூத்திரனும் ஒன்றையொன்று இழுத்துக் கருவாகச் சேரும்போது சக்தி வெளியே போகிறது. போன சக்தி தன் பங்குக்குத் திணிவையும் கொண்டு போகிறது. ஐன்ஸ்டைன் 1905இல் சொன்ன உறவு இதுதான்: திணிவை ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சக்தி. ஆகவே சேர்ந்திருக்கும் கரு, பிரிந்திருக்கும் பாகங்களைவிட இலேசு. பிரிக்க வேண்டுமென்றால் போன சக்தியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு பவுணுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? 68 மில்லிகிராமுக்குச் சமமான சக்தி ஏறத்தாழ 6.1 × 10¹² யூல். மின்சார பில்லில் வரும் யுனிட் கணக்கில் 17 இலட்சம் யுனிட். மாதம் 100 யுனிட் பாவிக்கும் ஒரு வீட்டுக்கு அது 1,400 வருடத்துக்குப் போதும். ஒரு மோதிரத்தின் அணுக்களை முழுக்கப் பிரித்துப் போட அவ்வளவு செலவாகும். அதனால்தான் தங்கம் தங்கமாகவே இருக்கிறது.

இதே குறைவு இன்னோரிடத்தில் வரவாக மாறுகிறது. 1920 அளவில் அஸ்டன் என்ற ஆங்கிலேயர் அணுக்களின் திணிவைத் தன் புதிய கருவியால் நுட்பமாக அளந்தபோது, ஓர் ஈலியம் அணு நான்கு ஐதரசன் அணுக்களைவிடக் கொஞ்சம் இலேசாக இருந்தது. வித்தியாசம் ஏறத்தாழ நூற்றுக்கு 0.7 பங்கு. அதே ஆண்டில் வானியலாளர் எடிங்டன் அந்தச் சின்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு, சூரியன் எரிவது ஐதரசன் ஈலியமாக மாறுவதால் இருக்கலாம் என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. ஒவ்வொரு செக்கனும் சுமார் 42 இலட்சம் தொன் திணிவு சூரியனிலிருந்து ஒளியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நாம் சோறாக உண்பதும் அதில் ஒரு துளிதான்.

இன்னொரு பக்கம் 1945 ஓகஸ்ட் 6. ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் யுரேனியக் கருக்கள் பிளந்தன. பிளந்த துண்டுகள் முன்பிருந்ததைவிட இறுக்கமாகக் கட்டுண்டவை. ஆகவே அவற்றின் மொத்தத் திணிவு குறைவு. அந்த நகரத்தை அழித்த சக்திக்குச் சமமான திணிவு ஏறத்தாழ 0.7 கிராம். ஒரு பவுணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூட்டலில் வரும் வித்தியாசம்தானே என்று தள்ளிவிடும் எண் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

எதால் வகுப்பது?

சரி, நடைமுறைக்கு வருவோம். புரோத்தனால் வகுத்தபோது 4.783 × 10²⁴ வந்தது. உண்மையில் ஒரு பவுணில் புரோத்தனும் நியூத்திரனும் சேர்த்து 4.819 × 10²⁴ இருக்கின்றன. கட்டுண்ட துணிக்கை தனித்த துணிக்கையைவிட இலேசு என்பதால், தனித்த புரோத்தனால் வகுக்கும்போது எண்ணிக்கை குறைந்து காட்டுகிறது.

இதற்காகத்தான் விஞ்ஞானிகள் அணுத்திணிவு அலகு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு காபன்-12 அணுவின் திணிவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 1.6605 × 10⁻²⁷ கிலோகிராம். காபனின் கருவும் கட்டுண்ட கருதான். ஆகவே கட்டுக்கான கழிவு அந்த அலகுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. எட்டுக் கிராமை இதால் வகுத்தால் 4.818 × 10²⁴. உண்மையான எண்ணிக்கையோடு உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் இரண்டுகூட இல்லை. தங்கமோ, உப்போ, அரிசியோ, ஒரு கிராமில் ஏறத்தாழ 6 × 10²³ கருத்துணிக்கைகள் என்று வாயாலேயே சொல்லிவிடலாம்.

ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் துணிக்கையின் திணிவால் வகுங்கள். எண்ண வேண்டுமென்றால் அணுத்திணிவு அலகால் வகுங்கள். ஒரு கணிப்பானோ கைப்பேசியோ இந்த வேற்றுமையைச் சொல்லித் தராது. நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. பத்து இலக்கத்தில் விடையை மட்டும் காட்டும். நம் பிள்ளைகள் வினாத்தாளுக்காக மாற்றீட்டு வாய்ப்பாடுகளை மனனம் செய்கிறார்கள். இந்த விடை எதன் விடை என்று ஒரு தரம் கேட்கப் பழக்கினால், அந்த மனனத்துக்கு உயிர் வரும்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் கதை தலைகீழாகிறது. புரோத்தனுக்குள் குவாக் எனப்படும் துணிக்கைகள் மூன்று உள்ளன. அவற்றின் திணிவைக் கூட்டினால் புரோத்தனின் திணிவில் நூற்றுக்கு ஒன்று அளவுதான் வரும். மிச்சத்தில் பெரும்பகுதி அவற்றின் அசைவும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் விசையின் சக்தியும். கருவில் கட்டு பாரத்தைக் குறைத்தது. புரோத்தனில் கட்டுத்தான் பாரமே. நாம் பவுண் கணக்கில் நிறுத்து வாங்குவதில் மிகப் பெரும் பங்கு, அடக்கி வைத்த சக்தி.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். இரும்பு-56 அணுவில் 26 புரோத்தன், 30 நியூத்திரன், 26 இலத்திரன், 55.935 கிராமில் அவகாதரோ எண்ணளவு அணுக்கள். ஒரு கிராம் இரும்புக்கு மேலே செய்த கணக்கைச் செய்து பாருங்கள். தசமத்தின் பின் நாலு இலக்கமாவது விடாமல் வைத்திருங்கள். இல்லாவிட்டால் விடை நழுவிவிடும். பாகங்களின் கூட்டு ஏறத்தாழ 1.0094 கிராம் வர வேண்டும். அதாவது ஒரு கிராமுக்கு 9.4 மில்லிகிராம் குறைவு. தங்கத்துக்கு அது 8.5 மில்லிகிராம். சந்தையில் தங்கத்தின் பக்கத்தில் இரும்பு நிற்க முடியாது. கருவின் கணக்கில் இரும்பின் கட்டுத்தான் இறுக்கம்.